கொள்ளிவாய்ப் பிசாசைப் பற்றவைத்தது யார்?

"அதெல்லாம் சதுப்பு நிலத்து வாயுப்பா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். சேற்றுக்குள் இலைதழை அழுகுகிறது, மீத்தேன் உண்டாகிறது, அது எரிகிறது, அதைப் பார்த்து விவரம் தெரியாத சனங்கள் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பயந்து ஓடினார்கள். கேட்கும்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு வரி எனக்கு ரொம்ப காலமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது. சமையலறையில் கேஸை மட்டும் திறந்துவிட்டால் அடுப்பு எரியுமா? யாராவது லைட்டரைத் தட்ட வேண்டும். நடுராத்திரியில், ஆளில்லாத வயலில், அந்த லைட்டரைத் தட்டியது யார்?

இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, வேதியியல்காரர்களே இந்தக் கேள்வியோடு சுமார் 250 வருடங்களாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது.

நான் இருப்பது மூலக்குளத்தில். வில்லியனூர் சாலையில் ரெட்டியார்பாளையம் தாண்டி அரும்பார்த்தபுரம் போகும் வழி. இன்று கடையும் கல்யாண மண்டபமும் அடுக்குமாடியும்தான் கண்ணில் படும். எங்கள் ஆயா வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் நஞ்சை, வாய்க்கால், பனைமரம். மேற்கே போனால் ஊசுடு ஏரி. ராத்திரி வெளிச்சம் என்றால் வீட்டுக்குள் ஒரு சிம்னி விளக்கு, வெளியே நிலா, அவ்வளவுதான்.

கொள்ளிவாயைப் பற்றி ஆயா சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன். "பொய்யின்னு நெனைக்காத கண்ணு. எங்கண்ணால பாத்தன். மொழங்கா ஒசரத்துல நீலமா எரிஞ்சிக்கினு இருக்கும். கிட்டப் போனா அவிஞ்சிடும். நாம திரும்பி நின்னா அந்தாண்ட போயி எரியும். காலைல போயி பாத்தா புல்லு ஒண்ணுகூடக் கருவியிருக்காது." எப்போது வரும் என்று கேட்டால், ஐப்பசி கார்த்திகை மழை விட்டு, காற்று அடங்கின ராத்திரியில் வரும் என்பார். கண்டால் பின்னாலேயே போகக்கூடாது, நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும், இடுப்பில் இரும்புச் சாவி இருந்தால் நல்லது.

பிசாசு என்ற சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். உயரம் இருக்கிறது, நிறம் இருக்கிறது, எந்த மாதம், காற்று எப்படி இருந்தது, கிட்டப் போனால் என்ன ஆகிறது, மறுநாள் புல் எப்படி இருந்தது, எல்லாம் இருக்கிறது. பயந்து கண்ணை மூடிக்கொண்டவர் சொல்லக்கூடிய சங்கதியா இது? நன்றாகப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலையில் இடத்தைப் போய்ச் சோதித்தும் இருக்கிறார்.

நம் ஆட்கள் இந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்பதற்கு இலக்கியத்திலும் தடம் இருக்கிறது. நம் புதுச்சேரி அரசின் கீழேயே இருக்கிற காரைக்காலில் பிறந்தவர் காரைக்கால் அம்மையார். தன்னையே பேய் என்று சொல்லிக்கொண்டவர். திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடும்போது ஒரு பேயைக் காட்டுவார். அது சிதையிலிருந்து கொள்ளிக்கட்டையை எடுத்து நசுக்கிக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்ளும். அப்புறம் அந்தச் சுடலைத் தீயே அதைச் சுட்டுவிட, மண்ணை அள்ளிப் போட்டு அணைக்கப் பார்க்கும். பேயும் கொள்ளியும் இருட்டும் அங்கேயே ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. பிறகு செயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணியில் காளி கோயிலுக்கே கொள்ளிவாய்ப் பேய் காவல் நிற்கிறது.

ஆனால் தமிழ் வாசகர்கள் மனதில் இந்த வெளிச்சத்தை நிரந்தரமாகப் பதியவைத்தவர் கல்கிதான். 1950களின் தொடக்கத்தில் தொடராக வந்த பொன்னியின் செல்வனில் கோடிக்கரைச் சதுப்பில் இருட்டில் குப்குப்பென்று எழுந்து மறையும் நெருப்பை வந்தியத்தேவனுக்குக் காட்டி, இவர்கள்தான் என் காதலர்கள் என்று பூங்குழலி சொல்வாளே, அந்தக் கட்டம். எல்லோரும் பயப்படுகிற ஒன்றோடு அந்தப் பெண் தினமும் வாழ்கிறாள், அதனால் அவளுக்குப் பயம் இல்லை. அந்த இடத்தைக் கல்கி தேர்ந்தெடுத்ததும் சும்மா இல்லை. கோடியக்கரைக்கும் வேதாரண்யத்துக்கும் மேற்கே விரிந்து கிடக்கிற அந்தச் சதுப்பு தமிழ்நாட்டிலேயே பெரிய ஈரநிலங்களில் ஒன்று. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2002இல் சேர்ந்தது. இப்படி ஒரு கதை பிறக்க வேண்டுமானால் அங்கேதான் பிறக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து ஊர்களில் இரவில் தெரிகிற எல்லா வெளிச்சமும் பிசாசு இல்லை. ஏரிக்கரையில் ஐயனார் குதிரையில் ஊர்க்காவல் சுற்றுகிறார், அவர் ஆட்கள் தீவட்டி பிடித்துக்கொண்டு முன்னால் போகிறார்கள் என்பார்கள். முனி ஓடுகிற தடம் என்று சில இடங்களைச் சொல்வார்கள், அந்தத் தடத்தில் வீடு கட்டமாட்டார்கள். ஒரே வெளிச்சம், பார்க்கிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து காவலாகவும் இருக்கும், கண்டமாகவும் இருக்கும். கரைமேல் தெரிந்தால் ஐயனார், சேற்றுப் பக்கம் தெரிந்தால் கொள்ளிவாய். இதில் ஒரு நல்ல ஏற்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கரைமேல் நடந்தால் ஆபத்தில்லை. சேற்றுப் பக்கம் வெளிச்சத்தைத் தேடிப் போனால் கால் புதைந்துவிடும்.

இந்த வெளிச்சம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. வங்காளத்துச் சதுப்புகளில் இதற்கு ஆலேயா என்று பெயர். மூழ்கிச் செத்த மீனவர்களின் ஆவி என்று அங்கே நம்புகிறார்கள். கட்ச் பகுதியில் பன்னி புல்வெளியில் சிர் பத்தி. பிரெஞ்சுக்காரர்கள் ஃபெ ஃபோலே என்பார்கள், ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளின் ஆவி என்று அவர்கள் கிராமத்துக் கிழவிகள் பயந்தார்கள். எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் 1858இல் தன் பெர்ரி வட்டாரத்துக் கதைகளைத் தொகுத்தபோது இந்தச் சின்னச் சுடர்களுக்கும் இடம் கொடுத்தார். அமெரிக்காவின் லூயிசியானாவில் குடியேறிய பிரெஞ்சு வம்சத்தார், வேலிக் கம்பத்தில் கத்தியைக் குத்தி வைத்தால் அந்த வெளிச்சம் கத்தியையே சுற்றிக்கொண்டிருக்கும், ஆள் தப்பித்துப் போய்விடலாம் என்று நம்பினார்கள். ஆயாவின் இரும்புச் சாவி ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது.

சரி, லைட்டர் கேள்விக்கு வருகிறேன்.

1776 நவம்பரில் இத்தாலியில் மஜ்ஜோரே ஏரிக்கரையில் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா கம்பால் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்து வைத்தார். பின்னாளில் மின்கலத்தைக் கண்டுபிடித்த அதே வோல்டாதான். அந்தக் குமிழியில் இருந்தது எரிகிற காற்று. இன்று அதை மீத்தேன் என்கிறோம். காற்று படாத சேற்றில் நுண்ணுயிரிகள் செடிகொடியைத் தின்று வெளிவிடுவது. மின்பொறியால் அதை எரித்தும் பார்த்தார். சதுப்பில் தெரியும் வெளிச்சத்துக்கு இதுதான் காரணமாக இருக்கும், மின்னல் பற்றவைத்திருக்கும் என்று நினைத்தார். எரிபொருள் கிடைத்துவிட்டது. ஆனால் மீத்தேன் தானாகத் தீப்பிடிக்க 500 டிகிரி செல்சியஸுக்கும் மேலே சூடு வேண்டும். அதோடு காற்றில் அதன் பங்கு ஏறத்தாழ 5லிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தாக வேண்டும். காற்றடங்கிய ராத்திரியில் மின்னலும் இல்லை, சூடும் இல்லை.

அடுத்து 1783இல் ஜெங்கெம்ப்ரே என்ற பிரெஞ்சுக்காரர் பாஸ்பீன் வாயுவைத் தயாரித்தார். பாஸ்பரசும் ஹைட்ரஜனும் சேர்ந்தது. அதோடு டைபாஸ்பேன் என்ற இன்னொரு சேர்மத்தின் ஆவி கொஞ்சம் கலந்திருந்தால், காற்றுப் பட்டதுமே தானாகப் பற்றிக்கொள்ளும். அப்பாடா, தீக்குச்சி கிடைத்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எலும்பிலும் சதையிலும் பாஸ்பரஸ் இருக்கிறது, அது அழுகினால் இந்த வாயு வரும், அதனால்தான் சுடுகாட்டிலும் சதுப்பிலும் வெளிச்சம். நம் பாடப் புத்தக விளக்கத்தின் இரண்டாம் பாதி இதுதான். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பாஸ்பீன் எரிந்தால் வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பும், மூக்கைத் துளைக்கும். சதுப்பு வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிப் புகையைச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் மில்ஸ் இதை ஆய்வகத்தில் செய்து பார்த்து 1980இல் எழுதினார். பச்சை வெளிச்சம் வந்தது, கூடவே புகையும் வந்தது. கதைகளில் வருகிற அமைதியான நீலச் சுடரை அவரால் உண்டாக்க முடியவில்லை.

இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்தவர் பிளெசன் என்ற ஜெர்மானிய ராணுவ மேஜர். 1833இல் எடின்பரோ அறிவியல் இதழ் ஒன்றில் அவர் கட்டுரை வந்தது. காட்டுக்குள் ஒரு சேற்றுப் பள்ளத்தில் பகலில் குமிழி வருவதைக் குறித்து வைத்துக்கொண்டு, இரவில் அங்கேயே போய் உட்கார்ந்தார். நீலமும் ஊதாவுமாகச் சுடர்கள் தெரிந்தன. கிட்டப் போனால் விலகிப் போயின. தான் நடக்கும்போது காற்று அசைகிறது, அது சுடரைத் தள்ளுகிறது என்று புரிந்துகொண்டார். அதனால் அசையாமல் நின்று, சுடர் திரும்பி நெருங்கி வந்ததும், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு காகிதத்தை நீட்டினார். முதலில் காகிதம் பிசுபிசுவென்று ஈரமானது. கடைசியில் தீப்பற்றியது. ஆகவே அது நெருப்புதான், ஆனால் மிகச் சன்னமான நெருப்பு.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "கிட்டப் போனா அவிஞ்சிடும், நின்ற இடத்திலேயே நில்" என்று ஆயா சொன்னாரே! மேஜர் காட்டில் கண்டுபிடித்ததும், ஒரு விவசாயக் கூலிப் பெண் வாய்க்கால் ஓரத்தில் கண்டதும் ஒன்றுதான். அவர் கட்டுரை அச்சேறியது, இவருடையது பேய்க்கதை ஆகிவிட்டது. அந்த வித்தியாசம் எனக்கு வலிக்கிறது.

வோல்டா பாடம் நடத்திய அதே பவியா ஊரைச் சேர்ந்த வேதியியலாளர் லுய்ஜி கார்லஸ்கெல்லி, நம் காலத்தில் சகா ஒருவரோடு சேர்ந்து இன்னொரு வழியில் போனார். பாஸ்பீனை நைட்ரஜனிலும் காற்றிலும் மிகவும் நீர்த்துக் கலந்தால், தீப்பிடிக்காமலே மங்கலான பச்சை ஒளி வருகிறது என்று காட்டினார். மின்மினி ஒளிர்வது போலச் சூடில்லாத ஒளி. ஆயா சொன்ன கருகாத புல்லுக்கு இது பொருந்துகிறது, நீல நிறத்துக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை.

பிறகு 2025இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஸேரும் அவருடைய குழுவும் புதிதாக ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீருக்குள் மீத்தேனும் காற்றும் நுண்ணிய குமிழிகளாக ஏறி வரும்போது, சின்னக் குமிழியும் பெரிய குமிழியும் வெவ்வேறு மின்னூட்டம் பெறுகின்றன. இரண்டும் நெருங்கும்போது நடுவில் கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டி மின்னல். அந்த மின்னலில் மீத்தேன் ஆக்சிஜனோடு சேர்ந்து, சூடு அதிகமில்லாமல் மெலிதாக ஒளிர்கிறது. வெளியிலிருந்து தீக்குச்சியே தேவையில்லை, குமிழியே தன்னைப் பற்றவைத்துக்கொள்கிறது. மின்னல்தான் காரணம் என்று வோல்டா சொன்னாரே, மின்னல் வானத்திலிருந்து வரவில்லை, சேற்றிலிருந்தே வருகிறது. அழகான விளக்கம், நான் இதைத்தான் நம்ப விரும்புகிறேன். ஆனாலும் இது ஆய்வகக் குடுவையில் நடந்தது. திறந்த வயலில் முழங்கால் உயரத்துக்குச் சுடராக நிற்குமா என்பதை யாராவது ஒரு சதுப்பில் உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எல்லா மர்ம வெளிச்சமும் வாயு என்றும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து மார்ஃபா வெளிச்சம் ரொம்பப் பிரபலம். 2004இல் இயற்பியல் மாணவர்கள் போய் அளந்து பார்த்தபோது, தூரத்து நெடுஞ்சாலையில் வருகிற கார் விளக்குகள் என்று தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் மின் மின் வெளிச்சத்தை ஜாக் பெட்டிக்ரூ என்பவர் ஆராய்ந்து 2003இல் எழுதினார். தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதன்மேல் சூடான காற்றும் அடுக்காக நிற்கும்போது, அடிவானத்துக்கு அப்பால் இருக்கிற விளக்கின் ஒளி வளைந்து வந்து, நம் பக்கத்திலேயே மிதப்பது போலக் காட்டும். நார்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கில் 1998லிருந்து தானியங்கிக் கருவி வைத்துக் கண்காணிக்கிறார்கள், இன்னும் முடிவு எட்டவில்லை.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு விளக்கமும் இருக்கும் என்பது என் ஊகம். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி நிலப்பரப்பு ஒரே துண்டாக இல்லை. ஒரு கிராமம் பிரெஞ்சு, அடுத்த கிராமம் ஆங்கிலேயர், அதற்கடுத்தது மறுபடி பிரெஞ்சு. ஊசுடு ஏரிக்குள்ளேயே இன்றும் புதுச்சேரி, தமிழ்நாடு எல்லை ஓடுகிறது. 1954 நவம்பர் 1 வரை இந்த எல்லைகளில் சுங்கமும் காவலும் இருந்தன, கடத்தலும் நடந்தது. ராத்திரியில் வரப்பு வழியே விளக்கோடு போகிறவனுக்கு, ஊர்க்காரர்கள் அதைக் கொள்ளிவாய் என்று நம்பிக் கதவைச் சாத்திக்கொள்வதைவிட வேறென்ன வேண்டும்? நண்டு பிடிக்கவும் தவளை பிடிக்கவும் விளக்கோடு சேற்றில் இறங்கியவர்களும் இருந்தார்கள். தூரத்தில் ஆடி ஆடிப் போகிற வெளிச்சத்தில் பாதியாவது இவர்களாக இருந்திருக்கும். ஆனால் முழங்கால் உயரத்தில் நீலமாக நின்று எரிந்ததை இவர்கள் கணக்கில் எழுத முடியாது.

இப்போது ஏன் யாரும் பார்ப்பதில்லை? வாயு நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வயல் மனையானது, வாய்க்கால் சாக்கடையானது, ஆனால் காற்றில்லாத சேறும் அழுகலும் எங்கேயும் போகவில்லை. மூடிய வாய்க்காலுக்குள்ளும் பாதாளச் சாக்கடைக்குள்ளும் போய்விட்டன. 1988இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் இயற்கையில் பாஸ்பீன் உண்டாகிறது என்று நேச்சர் இதழில் எழுதியபோது, அவர்கள் அதைப் பிடித்தது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில்தான். போனது இருட்டுதான். தெருவுக்குத் தெரு எல்.இ.டி. எரிகிறபோது, ஒரு மங்கலான நீலச் சுடர் காலடியில் எழுந்தாலும் நமக்குத் தெரியாது.

2024 ஜூன் 11ஆம் தேதி, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையிலிருந்து வீட்டுக் கழிவறை வழியாக விஷவாயு ஏறி 3 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் பள்ளிக்கூடம் போகிற பெண். வீட்டுக்குள், அவரவர் கழிவறையில். அந்தச் செய்தி வந்த நாளை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. அங்கே பேசப்பட்டது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேனோடு கூடப் பிறக்கிற வாயு. சேற்றைக் கண்டு பயப்படுங்கள், ராத்திரியில் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று ஊருக்குச் சொல்லித்தர ஒரு காலத்தில் கொள்ளிவாய் இருந்தது. இன்று அந்த வேலையைச் செய்ய வேண்டியவை வாயுவைக் கண்டறியும் கருவியும், ஒழுங்காக வைத்த காற்றுக் குழாயும், கழிவறையில் நாற்றத்தைத் தடுக்கும் தண்ணீர் தேங்கும் வளைவும்தான். அவை எல்லா வீட்டிலும் இருக்கின்றனவா என்று கேட்பதுதான் நம் காலத்துக் கொள்ளிவாய் எச்சரிக்கை.

உங்கள் வீட்டில் வயலும் ஏரியுமாக வாழ்ந்த பெரியவர்கள் யாராவது இருந்தால், இந்த மழைக்காலத்துக்குள் அவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள். "பேய் பார்த்தீங்களா" என்று கேட்டால் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். எந்த இடம், களிமண்ணா மணலா, தண்ணீர் தேங்கியிருந்ததா, பகலில் குமிழி வந்ததா என்று கேளுங்கள். நிறம் என்ன, புகை இருந்ததா, மழை விட்டு எத்தனை நாள், காற்று அடித்ததா, ஒரே இடத்தில் நின்றதா என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் பேச்சிலேயே போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், திருத்தாதீர்கள். கூடவே வாசனையையும் கேளுங்கள். சுத்தமில்லாத பாஸ்பீன் பூண்டு வாசனையோ அழுகின மீன் வாசனையோ அடிக்கும், மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. "பூண்டு வாசன வந்துச்சி" என்று ஒரே ஒரு பாட்டி சொன்னாலும், ஆய்வகக்காரர்கள் இத்தனை காலம் தேடுகிற சாட்சி அவர்தான்.